மழைக்கு அள்ளிய படம்

எனக்குக் கோபம் வராத படத்தை நான் வாங்கியதே இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முதல் படத்தை வாங்கியது அப்படித்தான். சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தி போட இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்தில் புழுக்கம் தாங்கவில்லை. எதிர்ச்சாரியில் ஓவியக் கண்காட்சி என்று போர்டு வைத்திருந்தார்கள், உள்ளே ஏசி ஓடியது. ஏசிக்காகத்தான் போனேன். ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு படம். முழுக் கறுப்பு. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் ஓரத்தில் யாரோ நகத்தால் சுரண்டினாற்போல் நாலைந்து கீறல். இதற்கு ஒரு பெயர், ஒரு விலை வேறு. வந்ததே எனக்கு ஆத்திரம். பட்டுப்புடவையும் பூவுமாக நின்றுகொண்டு, அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "இதுல என்னம்மா இருக்குது?" என்று சண்டைக்குப் போனேன். "பாருங்க மேடம்" என்றாள். பார்த்துக்கொண்டு நின்றதில் முதல் பந்தி போயே போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கறுப்பு என்னை விடவில்லை. காப்பிச் செடிக்குக் கவாத்து நடக்கிற இடத்தில் நிற்பேன், யார் மேலாவது எரிந்து விழுவேன். என்னவென்று பார்த்தால் மனசுக்குள் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். கடைசியில் போன் போட்டு வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்த அன்று என் அண்ணன் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுக்கு ஒரு கரும்பலகை வாங்கியிருந்தீன்னா பள்ளிக்கூடத்துக்காவது குடுத்திருக்கலாம்" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஏற்காட்டில், நாகலூர் போகிற ரோட்டில் எங்களுடையது ஒரு சின்ன எஸ்டேட். அப்பா விட்டுப்போனது. அண்ணனுக்குச் சேலத்தில் இரும்புக்கடை, மலைக்கு மாதம் ஒருமுறை வருவார். காப்பி, மிளகு, வேலைக்காரர்கள், பன்றி புகுந்த வேலி எல்லாம் என் பாடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் படம் வாங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள் என்பதால் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒன்று இரண்டாகி, வீட்டுச் சுவர் போதாமல் கட்டிலுக்கடியிலும் படங்கள் சேர்ந்தன. பிரபலமானவர்கள் வரைந்ததை நான் தேடவில்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள். எவர் படத்தை எந்த கேலரியும் மாட்ட மறுக்கிறதோ, அவரைத் தேடிப் போனேன். சாக்கைக் கிழித்துச் சட்டத்தில் தைக்கிறவர் ஒருவர், துருப்பிடித்த தகரத்தை ஆணியால் துளைத்து அதுதான் படம் என்கிறவர் ஒருவர், வெள்ளைத் தாளில் வெள்ளையாலேயே வரைகிறவர் ஒருவர். இவர்கள் எல்லாம் பாவம், காட்சிக்கு இடம் கேட்டு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள். எங்கள் காப்பி குடோன் அப்போது சும்மா கிடந்தது. அப்பா காலத்தில் அறுவடை முழுவதும் மூட்டை மூட்டையாக அதற்குள் அடுக்கி, விலை ஏறும் வரை பூட்டி வைப்பார். இப்போதெல்லாம் களத்தில் காய்ந்ததும் நேராக லாரி ஏறிவிடுகிறது. நீளமான கட்டடம், உயரமான ஓட்டுக்கூரை, வெயில் நேராக விழாத சுவர். படம் மாட்ட இதைவிட என்ன வேண்டும்? வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, கேலரி ஆக்கிவிட்டேன்.

ஏற்காடு பஜாரில் சிரித்தார்கள். அங்கே ஹோட்டல்காரர்கள் வாங்குவது ஏரிப் படம், படகுப் படம், மான் இரண்டு தண்ணி குடிக்கிற படம். "அக்கா, நாலு ஏரி மாட்டி வைங்க, டூரிஸ்ட் அள்ளிட்டுப் போவாங்க" என்று யோசனை சொன்னார் ஒரு லாட்ஜ்காரர். ஏரி பார்க்க வேண்டும் என்றால் ஏரிக்கே போகச் சொல்லுங்கள், பஸ் இருக்கிறது என்றேன். பஜாரில் எனக்கு ஒத்தாசையாக இருந்தவர் ஒரே ஒரு ஆள், கண்ணாடிக்கடை பாய். சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் சட்டம் போடுகிறவர். என் படங்களுக்கும் அவர்தான் போட்டார். முதல் தடவை ஒரு படத்தின் நான்கு பக்கமும் கொக்கி அடித்துக் கொண்டுவந்தார். ஏன் பாய் இப்படி என்றதற்கு, "எது மேல்பக்கம்னு நாளைக்கு நீங்க மனசு மாத்திக்கிட்டீங்கன்னா திரும்பவும் கடைக்குத் தூக்கிட்டு வரணுமே, அதுக்குத்தானுங்க" என்றார். மனுஷனுக்கு என்ன அக்கறை பாருங்கள்.

சேலம், பெங்களூர், சென்னை என்று கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு படம் இரண்டு படம் விற்றது. வரைந்தவர்கள் போனில் அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் அண்ணனுக்கு வேறு எண்ணம் இருந்தது. மலை முழுக்கக் காட்டேஜ் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. குடோனை அறை அறையாகத் தடுத்து லாட்ஜ் ஆக்கிவிடலாம் என்றார். சொத்து இருவர் பேரிலும் இருந்தது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அதற்கு நாங்கள் போட்ட சண்டையை இன்றைக்கும் எஸ்டேட் கணக்கு எழுதுகிற எங்கள் ரைட்டர் ஆட்களிடம் நடித்துக் காட்டுகிறாராம். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "பாப்பா, கார்ல வர்றவங்களுக்காக நடத்தறதுன்னா அது பொழுதுபோக்கு. அதை ஒத்துக்க எனக்கு மனசில்ல. நம்ம களத்துக்கு வர்றவங்க, இந்த ரோட்டுல நடக்கறவங்க, நம்ம மலைக்காரங்க, அவங்க ஒருத்தராச்சும் உள்ள வந்து நின்னு பார்க்கட்டும். அடுத்த கண்காட்சிக்கு நானே வர்றேன். பார்த்தேன்னா அப்புறம் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து அளந்துடுவேன்."

"பாய் வர்றாரே" என்றேன்.

"பாய் பிரேம் குடுக்க வர்றாரு. அது சேராது."

இதில் அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது, அவர் சொன்னது உண்மை. கேலரி திறந்து இரண்டு அறுவடை போய்விட்டது, எங்கள் ஆட்களில் ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டேன், அதட்டினேன், ஒரு தடவை எல்லாருக்கும் பொங்கல் வைத்துக்கூடப் பார்த்தேன். பொங்கலை வாங்கி வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, "நொம்ப நல்லா இருக்குதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொங்கலைத்தான் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துக்கு மேலே கொஞ்சம் காப்பியும் கொய்யாவும் வைத்திருக்கிற ஒரு மலைக்கார அம்மா இருந்தார். மேல்காட்டம்மா என்போம். அவருக்குக் களம் கிடையாது, அவருடைய காப்பியும் எங்கள் களத்தில்தான் காயும், பறிப்புக்கு எங்களிடமும் வருவார். நன்றாகப் பேசுவார், எதற்கும் அஞ்சமாட்டார். அவரே குடோன் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இவர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். பிடிக்காததற்கு யாரைக் குறை சொல்வது? எனக்கே கோபம் வந்துதானே வாங்குகிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் வந்தாள். சென்னையில் ஓவியம் படித்து முடித்தவள், முப்பது வயது இருக்கும். அவள் துணியிலும் தாளிலும் வரைவதில்லை. ஒரு இடத்துக்குப் போய், அங்கே கிடைப்பதைக் கொண்டு தரையிலேயே செய்வாள். காட்சி முடிந்ததும் பெருக்கி எடுத்துவிட வேண்டியதுதான், மாட்டவும் முடியாது விற்கவும் முடியாது. எனக்குக் கேட்டவுடனே பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே அவளையே அடுத்த காட்சிக்கு அழைத்தேன். குடோனுக்குள் மற்றவர்கள் படங்கள், வெளியே களத்தில் இவளுடைய வேலை என்று ஏற்பாடு.

மாசி மாதம். பறிப்பு முடிந்து களம் காலியாக இருந்தது. காப்பித் தொலி, கடைசிப் பறிப்பில் மிஞ்சிய பருப்பு, அடுப்புச் சாம்பல், செம்மண், சுண்ணாம்புப் பொடி, சருகு என்று கூடை கூடையாகக் கொண்டுவரச் சொன்னாள். வெயிலில் முட்டி போட்டு, கையாலேயே பரப்பினாள். ஒரு பட்டை கருஞ்சிவப்பு, அதை வெட்டிக்கொண்டு வெளிறிய ஒரு பட்டை, இரண்டும் சேருகிற இடத்தில் சாம்பல் சுழித்துக்கொண்டு ஓடும். நான் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். அந்தக் களத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அது இத்தனை பெரிசு என்று அவள் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயம்.

காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் வந்துவிட்டார். களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரோட்டைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அந்தப் பெண் வேலையை முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, உடம்பில் ஊறின விஷயம். களத்தில் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும்போது மழை வந்தால், அது யாருடைய காப்பி என்று யாரும் கேட்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, பலகையால் வாரி, குவியலாக்கி, தார்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் மறுவேலை. நனைந்த காப்பி பூசணம் பிடித்துவிடும், ஒரு வருஷப் பாடு போய்விடும். சண்டைக்காரன் களமாக இருந்தாலும் ஓடி வருவார்கள், அள்ளி முடித்துவிட்டு மறுபடியும் பேசாமல் போய்விடுவார்கள்.

மாசியில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? சேர்வராயன் கோயில் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டு விழுந்ததும் ஒரு குரல் கேட்டது. "மழை வருது, வாங்க வாங்க." அண்ணனின் குரல். இத்தனை வருஷம் இரும்புக்கடையில் உட்கார்ந்த மனுஷன், செய்தித்தாளை வீசிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு களத்தில் நின்றார். மேல்காட்டிலிருந்து அந்த அம்மாவும் மருமகளும் இறங்கி ஓடி வந்தார்கள். வேலையாட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாகலூர் பஸ் ரோட்டில் நின்றது, கண்டக்டர் உட்பட நாலைந்து பேர் குதித்து வந்தார்கள். எத்தனை பலகை, எத்தனை கை. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் களம் சுத்தம், நடுவில் ஒரு குவியல். நான்? தார்பாயின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "இந்தப் பக்கம் கல்லு வைங்க, காத்து தூக்கிடும்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மழை வலுத்தது. எல்லாரும் நனைந்துபோய், சிரித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றோம். பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. அப்போது அந்தப் பெண் ஈரத் தலையில் துண்டோடு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். மேல்காட்டம்மா அவளைப் பார்த்து அவ்வளவு பெருமையாகச் சொன்னார்: "ஒரு பிடி நனையல கண்ணு. அத்தனையும் அள்ளிப்போட்டோம்."

அவள் குவியலைப் பார்த்தாள். என் கையில் இருந்த தார்பாயைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பலகையை மெதுவாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேல்காட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, ஏன் அழுவுது இந்தப் புள்ள?" என்று என்னைக் கேட்டார். அது காப்பி இல்லை, அதுதான் நாளைக்குக் காட்ட இருந்த படம் என்றேன்.

"படமுங்களா?" அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "களத்துல கெடந்தா காப்பின்னுதானுங்க நெனப்போம். பாதகத்தி, என்ன காரியம் பண்ணிப்போட்டேன்." பிறகு அவளருகே போய்க் குனிந்து, "அழுவாத சாமி. காத்தால வெயில் அடிக்கும். அள்ளுனவங்க வந்து பரப்பிக் குடுத்துட்டுத்தான் போவோம். எங்க ஊட்டு வழக்கம் அது" என்றார்.

அவர் போன பிறகு அண்ணன், "நான்தான் மொதல்ல கூப்பிட்டேன்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். சாப்பிடும்போதும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்று தார்பாயின் முனை என் கையிலும்தானே இருந்தது. நாளைக்குக் காட்டுவதற்குக் களமும் போய்விட்டது, குடோனும் போகப்போகிறது என்று மட்டும்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் வெயில் வந்தது. சொன்னபடி வந்துவிட்டார்கள். மேல்காட்டம்மா, மருமகள், லைன் ஆட்கள், எல்லாரும். முறமும் சல்லடையும் கொண்டுவந்திருந்தார்கள். தார்பாயை விலக்கினால் தொலியும் சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணும் ஒன்றாகக் கலந்து ஒரே பழுப்பு. அந்தப் பெண் கையை விட்டு அளைந்து பார்த்தாள். "கலந்துடுச்சு. இது வேற" என்றாள். ஊருக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"சலிச்சுப் பாக்கலாமுங்க" என்றார்கள். சலித்தார்கள், புடைத்தார்கள். கொஞ்சம் பிரிந்தது, முழுசாகப் பிரியவில்லை. செம்மண்ணில் சுண்ணாம்பு ஏறி ஒரு ரோஜா நிறம் வந்திருந்தது. அது அவள் முந்தின நாள் போடாத நிறம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்க, இதை அந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த அமளியைக் கேட்க வேண்டுமே. எங்கள் ஆட்கள் காப்பி பரப்புவதுபோல் பலகையால் வரி வரியாக இழுத்தார்கள். அவள் வேண்டாம் என்று ஓடி வந்து, பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றாள். நேற்று சிவப்பு இங்கேதான் இருந்தது என்று ஒருவர், இல்லை அங்கே என்று இன்னொருவர், நீ எங்கே பார்த்தாய் என்று மூன்றாமவர். மேல்காட்டம்மா, "சாம்பல இப்படி வுட்டா காத்துல போயிருமுங்க, எதுக்கும் கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்க கண்ணு" என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு இடத்தில் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓரத்தில் செம்மண் கூடை சுமந்தார். யாரும் சுமக்கச் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கார்கள் வந்தன. காட்சி ஆரம்பித்துவிட்டதா, இனிமேல்தானா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. களத்தைச் சுற்றி நின்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் ஆசைப்பட்டுப் பலகையைக் கையில் எடுத்தார். "ஏனுங்க, செருப்போட எறங்காதீங்க" என்று மேல்காட்டு மருமகள் ஒரு அதட்டல் போட்டதும், அவர் அப்படியே திருப்பி வைத்துவிட்டார். முடிந்தபோது அது முந்தின நாள் படம் இல்லை. அதைவிடப் பெரிசு, அதைவிட முரடு. நான் அதற்கு முன்னால் வாங்கினதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது எனக்கு. அந்தப் பெண் முகம் கழுவக்கூடப் போகாமல் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ போட்டுக்கொண்டு வந்தேன். அள்ளினவர்களும் பரப்பினவர்களும் வந்தால் களத்துக்காரர் டீ கொடுக்க வேண்டும், அதுவும் வழக்கம். மண் பட்ட கையோடு டம்ளரை வாங்கிக்கொண்டு எல்லாரும் குடோன் வாசலில் நிழலுக்கு ஒதுங்கினார்கள். கார்க்காரர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். அண்ணன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயம். இதுதான் சமயம், கடைசி முயற்சி என்று நினைத்து மேல்காட்டம்மாவிடம், "இவ்வளவு செஞ்சீங்க. உள்ளயும் இருக்குது, ஒரு எட்டு வந்து பாருங்களேன். புடிக்கலைன்னா புடிக்கலைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"புடிக்காம என்னங்கம்மா. குடோனுக்குள்ள நாங்க வரலாமுங்களா?"

"ஏன் வரக் கூடாது?"

"மூட்டையப் படியில எறக்கி வெக்கறதோட சரிங்களே. ரைட்டர் ஆளுவதான் உள்ள தூக்கிட்டுப் போவாங்க. பறிக்கிற ஆளு படி தாண்டுனா பெரியய்யா வேலைய வுட்டே நிறுத்திடுவாருங்க. எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தானுங்க. நாங்களும் புள்ளைங்களுக்கு அதயேதான் சொல்லி வெச்சிருக்கறோம்."

பெரியய்யா என்றது எங்கள் அப்பாவை. மூட்டையிலிருந்து காப்பி காணாமல் போகக் கூடாது என்று அவர் போட்ட சட்டம். நான் சின்ன வயசிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் ஓடிப்பிடித்து விளையாடினவள். அப்படி ஒரு சட்டம் இருந்ததையே கவனித்தவளில்லை. அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவர் போட்ட சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. நானோ வெள்ளையடித்து விளக்கு மாட்டிவிட்டு, இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கூடையிலிருந்து எழுந்தார். முகம் என்னவோபோல் ஆகியிருந்தது. அவர் வைத்த நிபந்தனையில் நான் ஜெயிக்கவே வழி இல்லை என்பது அவருக்கு உறைத்துவிட்டது. அப்பாவின் சாயல் அவருக்கு அப்படியே உண்டு, அதே உயரம், அதே தோள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "நான் சொல்றேனுங்க. உள்ள வாங்க. எல்லாரும் வாங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அய்யா இல்லீங்களே இப்ப. நான்தான இருக்கறேன். வாங்கம்மா" என்று மேல்காட்டம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். படியில் ஒரு காலை வைத்து, ஒரு கணம் நின்று, மறு காலையும் எடுத்து வைத்தார். பின்னாலேயே மருமகள், அதற்குப் பின்னால் மற்றவர்கள். உள்ளே போனவர்கள் ஒருவரும் படங்களைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தார்கள். மேல்காட்டம்மா சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"எங்கம்மா செமந்ததெல்லாம் இங்கதானுங்களா வந்துச்சு?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அண்ணன்.

"எத்தன பெரிய ஊடு. அவ பாக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்க்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அவர் மெல்ல நடந்து, கிழிந்த சாக்கைத் தைத்து மாட்டியிருந்த சட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். "இது என்னங்க, இப்படி?" என்று அண்ணனையே கேட்டார். அண்ணன் பக்கத்தில் போய் நின்று, "எனக்கும் தெரியலீங்க, பாக்கலாம்" என்றார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளக்க வரச் சொல்லியிருந்த மேஸ்திரிக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை.